டீ வடிகட்டியும் தெர்மாமீட்டரும்: கேட்ஸ்கில் ஆறுகளில் டிரவுட் பிடிக்க 27 குறிப்புகள்

நியூயார்க் நகரத்திலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம் போனால் கேட்ஸ்கில் மலை. பீவர்கில், வில்லோவீமாக், நெவர்சிங்க், ஈசோபஸ், டெலவேரின் கிழக்குக் கிளை, மேற்குக் கிளை என்று அங்கே ஓடும் ஆறுகளில்தான் அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங் வளர்ந்தது. மண்புழுவும் தக்கையும் கிடையாது. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை நீரில் விட்டு மீனை ஏமாற்ற வேண்டும். நியூஜெர்சிக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம். முதல் மூன்று வருடம் தடியிலும் ரீலிலும் பணத்தைக் கொட்டினேன், மீன் வரவில்லை. விலை குறைந்த இரண்டு சாமான்கள் பைக்குள் வந்த பிறகுதான் வரத் தொடங்கியது. அவற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. முதல் சாமான், தண்ணீர் தெர்மாமீட்டர். நூல் கட்டி, முழங்கால் ஆழத்தில், நிழலான இடத்தில் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். வெயிலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஏப்ரலில் முதுகு சுடும். ஆறோ பனி உருகி 42 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மீனுக்கு நம்மைப் போல நிலையான உடல் சூடு இல்லை. தண்ணீர் குளிர்ந்தால் அதற்குச் செரிமானம் மந்தம், பசியும் மந்தம். பூச்சிகளும் அப்படித்தான். எந்தப் பூச்சி எந்த வாரம் இறக்கை கட்டிக் கிளம்பும் என்று காலண்டர் தோராயமாகச் சொல்லும். தெர்மாமீட்டர் இன்றைக்கா இல்லையா என்று சொல்லிவிடும்.

2. நான்கு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 45 டிகிரிக்குக் கீழே என்றால் மீன் அடியில் சோம்பிக் கிடக்கும், பொய்ப்பூச்சியை அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோக வேண்டும். 50 டிகிரியில், அதாவது 10 செல்சியஸில், இலை போட ஆரம்பிக்கிறார்கள். 65 வரை பந்தி நடக்கும். 68, அதாவது 20 செல்சியஸ், தடியை மடக்கும் எண். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

3. இரண்டாவது சாமான், சமையலறை டீ வடிகட்டி. கைப்பிடி நீளமானது நல்லது. கணுக்கால் ஆழத்தில் நின்று, நீர் வரும் திசைக்கு எதிரே அதைப் பிடித்துக்கொண்டு, மேல்புறம் உள்ள கற்களைக் காலால் இலேசாகக் கிளறுங்கள். மிதந்து வருவதெல்லாம் வடிகட்டியில் தங்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் கொட்டினால் கால், வால், நிறம் எல்லாம் தெளிவாகத் தெரியும். எந்தப் பூச்சி அதிகம், அது எவ்வளவு பெரிது, என்ன நிறம் என்று பார்த்து, பெட்டியில் அதற்கு ஒத்த பொய்ப்பூச்சியை எடுங்கள். பார்த்து முடித்ததும் தண்ணீரோடு ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.

4. கல்லைப் புரட்டினால் பெரும்பாலும் மூன்று குடும்பம்தான் கண்ணில் படும். வயிற்றின் இரு ஓரமும் சின்னச் சின்னச் செவுள் துடிக்க, மூன்று வாலோடு இருப்பது மேஃப்ளையின் இளம்பூச்சி. சில இனங்களுக்கு வால் இரண்டுதான். தடித்த இரண்டு வால், வயிற்றோரத்தில் செவுள் இல்லை, பரபரவென்று ஓடுகிறது என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையும் சுள்ளியையும் ஒட்டிக் கூடு செய்து அதற்குள் புழு இருந்தால் கேடிஸ். நம் வீட்டுக் குளியலறைச் சுவரில் பூசணி விதை போல ஒரு கூட்டை முதுகில் இழுத்துக்கொண்டு ஊருமே ஒரு புழு, அதன் ஆற்று உறவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோன்ஃப்ளைக்கு ஆக்சிஜன் மிகுந்த சுத்தமான நீர் வேண்டும். அது நிறைய இருக்கும் ஆறு நல்ல ஆறு.

5. மேஃப்ளையின் வாழ்க்கை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி இறக்கை உதிர்க்கும் ஈசலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பெரும்பாலான இனங்கள் ஏறக்குறைய ஒரு வருடம் நீருக்கடியில் இளம்பூச்சியாக இருக்கும். ஒருநாள் நீர்மட்டத்துக்கு வந்து, தோலைக் கிழித்து, இறக்கையைப் பாய்மரம் போல நிமிர்த்திக்கொண்டு மிதக்கும். இந்த நிலைக்கு டன் என்று பெயர். பறந்துபோய் மரத்தில் உட்கார்ந்து மறுபடியும் ஒருமுறை தோல் உரிக்கும். இறக்கை முளைத்த பிறகும் தோல் உரிக்கும் பூச்சியினம் உலகில் இது ஒன்றுதான். பிறகு கண்ணாடி இறக்கையோடு திரும்பிவந்து, காற்றில் கூடி, முட்டையிட்டு, நீரில் இறக்கையை விரித்தபடி செத்து மிதக்கும். இது ஸ்பின்னர். வளர்ந்த பூச்சியின் வாய் சாப்பிட உதவாது. அடியில் இருக்கும்போது, எழும்பும்போது, மிதக்கும்போது, செத்து விழும்போது என்று நான்கு இடத்திலும் மீன் அதைத் தின்னும். நான்குக்கும் நான்கு வகைப் பொய்ப்பூச்சி உண்டு.

6. மேட்டூர் அணைக்கு வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குறிப்பு சுலபம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை ஆறுகளில் அளவுமானி வைத்து, நீர்வரத்தை அதே கன அடிக் கணக்கில் இணையத்தில் போடுகிறது. பீவர்கில்லுக்குக் குக்ஸ் ஃபால்ஸ் அளவுமானியைப் பாருங்கள். 300 முதல் 600 வரை இருந்தால் நான் நிம்மதியாக இறங்குவேன். 1000 தாண்டினால் கரையோரத்தோடு சரி. வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மலைப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது.

7. எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். ஏறிக்கொண்டிருக்கும் கலங்கல் நீரில் மீன் ஒதுங்கி ஒளிந்துகொள்ளும். மழை நின்று, வெள்ளம் வடிந்து, செம்மண் நிறம் மாறிப் பச்சை கலந்த கஞ்சித் தண்ணீர் போல ஆகும் நேரம்தான் ஜாக்பாட்: மீனுக்கு நம்மைத் தெரியாது, தீனி மட்டும் தெரியும்.

8. உங்கள் பூட்ஸின் நுனி கண்ணுக்குத் தெரியாத நீரில் இறங்காதீர்கள். இடுப்பு வரை, மார்பு வரை வரும் நீர்புகா உடைக்கு வேடர்ஸ் என்று பெயர். பெயர் பொருத்தம்தான், ஆனால் பெல்ட் கட்டாத வேடர்ஸ் வேடனையே இழுத்துக்கொண்டு போய்விடும். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் விழுந்தாலும் உள்ளே தண்ணீர் சட்டென்று நிரம்பாது. கையில் ஊன்றுகோல் இருக்கட்டும். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால் முன்னே நீரோட்டத்தின் திசையில் நீட்டியபடி மிதந்து கரை ஒதுங்குங்கள்; ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் பாறையிடுக்கில் சிக்கும்.

9. அணைக்குக் கீழே ஓடும் ஆறும் அணையில்லாத ஆறும் ஒரே மலையில் இருந்தாலும் வேறு வேறு சாதி. பீவர்கில்லும் வில்லோவீமாக்கும் அணையில்லாதவை; மழையும் வெயிலும் அவற்றை அப்படியே ஆட்டிவைக்கும். டெலவேரின் மேற்குக் கிளையில் கேனன்ஸ்வில் அணை, கிழக்குக் கிளையில் பெபாக்டன் அணை. இரண்டும் நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தருபவை. கேட்ஸ்கில், டெலவேர் நீர்த்தேக்கங்களிலிருந்துதான் நகரத்தின் குடிநீரில் சுமார் 90 சதவீதம் வருகிறது. அணையின் அடிமட்டத்திலிருந்து திறக்கும் நீர் ஐஸ் போல இருக்கும். ஜூலை மாலையில் காற்று 90 டிகிரி கொதிக்க, மேற்குக் கிளையின் மேல் மூடுபனி தவழும்; வேடர்ஸுக்குள் கால் நடுங்கும். எவ்வளவு நீர் திறப்பது என்பதோ ஆற்றங்கரையில் முடிவாவதில்லை. காவிரி வழக்கைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்குப் புரியக்கூடிய கதை இது. நான்கு மாநிலங்களும் நியூயார்க் நகரமும் சண்டை போட்டு, 1954-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பாணை கொடுத்தது. அதன்படி கீழே மான்டேக் என்ற இடத்தில் வினாடிக்கு 1750 கன அடி ஓட வேண்டும். கணக்குப் பார்க்க நதி அதிகாரி ஒருவர் உண்டு. கீழே நீர் குறைந்தால் மேலே அணை திறக்கும். ஆகவே வறண்ட கோடையில்கூட மேற்குக் கிளை திடீரென்று ஏறலாம். அணைத் திறப்பு விவரத்தைப் பார்க்காமல் அங்கே போவது, பஸ் நேரம் பார்க்காமல் ஸ்டாண்டில் நிற்பது போல.

10. நல்ல நேரம் எது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அந்தப் பருவத்தில் மனிதருக்கு எந்த நேரம் இதமோ அதுவே. ஏப்ரலில் மதியம் 1 மணி முதல் 4 மணி வரை. ஜூனில் அந்தி. ஜூலை, ஆகஸ்டில் விடியல். அக்டோபரில் மறுபடியும் மதியம். ஏப்ரல் முதல் தேதி விடியற்காலை 5 மணிக்கு ரோஸ்கோ என்ற ஆற்றோர ஊரில் நின்று விறைத்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

11. பிப்ரவரி, மார்ச்சில் கரைப் பனியின் மேல் கறுப்பாகச் சிறு பூச்சிகள் ஊர்வதைப் பார்க்கலாம். ஸ்டோன்ஃப்ளை. பருவத்தின் முதல் பூச்சி. மதிய வெயிலில் கரையோரக் கற்களை ஒட்டிக் கறுப்பு நிறப் பொய்ப்பூச்சி ஒன்றை விட்டுப்பாருங்கள். பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

12. ஏப்ரல் நடுவில் தண்ணீர் 50-ஐத் தொட்டதும் குவில் கார்டன் என்ற மேஃப்ளை வரும். இது நீருக்கடியிலேயே தோல் உரித்து, இறக்கையோடு மேலே ஏறும். எனவே மிதக்கும் பொய்ப்பூச்சியைவிட மூழ்கும் பொய்ப்பூச்சிக்குத்தான் மீன் அதிகம் வரும். பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். தியோடர் கார்டன், நெவர்சிங்க் கரையில் வாழ்ந்து 1915-இல் மறைந்தவர். 1890-இல் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் ஹால்ஃபர்டுக்கு எழுதி, மிதக்கும் பொய்ப்பூச்சிகளின் மாதிரிகளை வரவழைத்தார். இங்கிலாந்தின் ஆறுகள் அமைதியானவை, கேட்ஸ்கில் ஆறுகள் துள்ளிக் குதிப்பவை. வந்த மாதிரிகளை அப்படியே பயன்படுத்தாமல் இங்குள்ள பூச்சிக்கும் இங்குள்ள ஓட்டத்துக்கும் ஏற்ப மாற்றிக் கட்டினார். கடையில் கண்ணைக் கவரும் எதையும் வாங்குமுன் இந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

13. வருடத்தில் ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் ஏப்ரல் கடைசி வாரத்தையோ மே முதல் வாரத்தையோ எடுங்கள். ஹென்ட்ரிக்சன் வரும் நேரம். மதியம் இரண்டு மணி வாக்கில், அலுவலகத்தில் டீ வருவது போலத் தவறாமல் வரும். ஆற்றின் சலசலப்பு முடிந்து மடு தொடங்கும் இடத்தில் நில்லுங்கள். பெண் பூச்சி இளஞ்சிவப்பு கலந்த மண் நிறம். ஆண் சற்றுச் சிறியது, செம்பழுப்பு. பெண்ணுக்கு ஹென்ட்ரிக்சன் என்ற பொய்ப்பூச்சி, 1916 வாக்கில் ராய் ஸ்டீன்ராட் கட்டித் தன் நண்பர் பெயரை வைத்தது. ஆணுக்கு ரெட் குவில், ஆர்ட் ஃப்ளிக் கட்டியது. ஃப்ளிக் ஸ்கோஹாரி ஓடையில் பூச்சிகளைச் சேகரித்துப் பார்த்து 1947-இல் வெளியிட்ட சின்னக் கையேடு இன்றும் சட்டைப்பையில் வைக்கத் தகுந்தது. முள் எண் 12 அல்லது 14. பூச்சி எழும்பும்போது குளிர்காற்று வீசினால் இறக்கை காய நேரமாகும், நீர்மேல் அதிக நேரம் மிதக்கும், மீனுக்குக் கொண்டாட்டம். சூரியன் பளிச்சென்று இருக்கும் நாளைவிட மந்தாரமான நாள் நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

14. ஆற்றில் மீன் எப்படி எழும்புகிறது என்று கரையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் தெறிக்கத் துள்ளினால் பெரும்பாலும் கேடிஸ்: அது கூட்டை விட்டு வேகமாக மேலே பாயும், மீன் துரத்திப் பிடிக்கும். முதுகும் வாலும் மட்டும் தெரிய, வாய் தெரியாமல் புரண்டால், மேலே எழும்பிவரும் இளம்பூச்சியைத் தின்கிறது. சத்தமே இல்லாமல் ஒரு சின்ன வளையம், முத்தமிட்டது போல, என்றால் செத்து மிதக்கும் ஸ்பின்னர். அனுபவத்தில் சொல்கிறேன், அந்தச் சின்ன வளையத்துக்குக் கீழேதான் பெரிய மீன் இருக்கும்.

15. பொய்ப்பூச்சி தண்ணீரின் வேகத்திலேயே போக வேண்டும். தூண்டில் நரம்பு இழுத்து அது ஒரு அங்குலம் தனியாகச் சறுக்கினாலும் மீன் திரும்பிப் பார்க்காது. வீசும்போது நரம்பைக் கொஞ்சம் தொய்வாக விழவிடுங்கள். இந்த ஒன்றைச் சரி செய்தால் தப்பான பூச்சிக்கும் மீன் வரும். இது சரியில்லாவிட்டால் சரியான பூச்சிக்கும் வராது.

16. முள் எண்ணை மூன்றால் வகுத்தால் எந்த நுனிநரம்பு வேண்டும் என்று வந்துவிடும். 14-ஆம் எண் முள்ளுக்கு ஏறக்குறைய 5. அதாவது 5எக்ஸ் நரம்பு, தடிமன் 0.006 அங்குலம். முள்ளின் எண் கூடக் கூட முள் சிறியது, நரம்பின் எண் கூடக் கூட நரம்பு மெல்லியது. முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த முடிச்சு உராய்ந்து சூடாகி வலுவிழக்கும்.

17. வாங்கிய அன்றே முள்ளின் எதிர்ச்செதிலைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனிடமிருந்து எளிதில் கழலும், உங்கள் விரலிலிருந்தும். நசுக்காத முள் விரலில் ஏறிவிட்டால் பின்னுக்கு இழுக்காதீர்கள். முள்ளின் வளைவில் தடித்த நரம்பை வளையமாகப் போட்டு, முள்ளின் தண்டைத் தோலோடு ஒட்ட அழுத்திப் பிடித்து, தோலுக்கு இணையாக ஒரே வெடுக்கு. வந்த வழியே வந்துவிடும். கண், முகம் பக்கம் என்றால் கையே வைக்காமல் டாக்டரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்கட்டும். போலரைஸ்டு கண்ணாடி நீரின் பளபளப்பையும் வெட்டும்.

18. ஜூன் முதல் வாரம் கிரீன் டிரேக். வண்டல் மண்ணில் இரண்டு வருடம் புதைந்து கிடந்து வெளியே வரும் பெரிய மேஃப்ளை. அதன் வெள்ளை உடல் ஸ்பின்னருக்கு ஊரார் வைத்த பெயர் சவப்பெட்டி ஈ. இருட்டும் நேரத்தில் ஆறே கொதிப்பது போல இருக்கும். இத்தனை நிஜப்பூச்சிக்கு நடுவே உங்கள் பொய்ப்பூச்சியை மீன் தேர்ந்தெடுக்க என்ன அவசியம்? எனக்குக் கிரீன் டிரேக் இரவுகளில் மீன் கிடைத்ததைவிட வேடிக்கை கிடைத்ததுதான் அதிகம். அதே மாதம் வரும் ஐசோனிகியா அடக்கமானது, ஆனால் பலன் அதிகம். இளம்பூச்சி குட்டிமீன் போல விர்ரென்று நீந்திக் கரையோரக் கல்லில் ஏறும். ஆகவே இதை மட்டும் சற்று இழுத்து நீந்தவிடலாம். செப்டம்பரில் மறுபடியும் வரும்.

19. மே முதல் ஜூலை வரை உண்ணிக்குப் பயப்படுங்கள், மீனுக்கு அல்ல. லைம் நோய் பரப்பும் உண்ணி இந்தப் பருவத்தில் கசகசா அளவுதான் இருக்கும். வெளிர் நிற ஆடை, காலுறைக்குள் சொருகிய பேண்ட், வீடு திரும்பியதும் குளியல். முழங்கால் மடிப்பு, அக்குள், முடியோரம் என்று தடவிப் பாருங்கள். கொசு, உண்ணி விரட்டும் டீட் மருந்து தடவிய கையால் தூண்டில் நரம்பைத் தொடாதீர்கள். அது நரம்பின் மேல்பூச்சைக் கரைக்கும். புறங்கையால் தடவிக்கொள்ளுங்கள், அல்லது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொண்டுபோன புளியோதரைக்கும் அது நல்லது.

20. நான்கைந்து தடவை போய்வந்தால் ரீலில் இருக்கும் வண்ண நரம்பை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு ஊறவைத்து, மெல்லிய துணியால் துடைத்துச் சுற்றுங்கள். அழுக்கு நரம்பு மிதக்காது, வளையத்தில் வழுக்காது.

21. இப்போது அந்த 68. வெந்நீரில் ஆக்சிஜன் குறைவு: 10 செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும் என்றால் 20 செல்சியஸில் 9 தான். மீனின் தேவையோ சூட்டோடு கூடும். அந்த நேரத்தில் தூண்டிலில் சிக்கிப் போராடிய டிரவுட்டை எவ்வளவு பதமாக விட்டாலும், உங்கள் கண் எதிரில் நீந்திப்போய்க் கண்மறைவில் செத்துவிடலாம். ஜூலை, ஆகஸ்டில் பீவர்கில்லின் கீழ்ப்பகுதி இந்த எண்ணைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மீன்கள் குளிர்ந்த கிளையோடை வந்து சேரும் வாயில் மந்தை மந்தையாக ஒதுங்கி நிற்கும். அங்கே தூண்டில் போடுவது ஆஸ்பத்திரி வார்டில் சண்டைக்கு இழுப்பது. சில பகுதிகளில் கோடைத் தடைப் பலகையே உண்டு. பலகை இல்லாத இடத்திலும் தயவுசெய்து தடியை மடக்குங்கள். அணைக்குக் கீழே குளிர்நீர் ஓடும் மேற்குக் கிளை அரை மணி தூரம்தான்.

22. மற்றபடி கோடை, எறும்பு காலம். நீர்ப்பூச்சி குறைந்திருக்கும், மரக்கிளை நீர்மேல் சாய்ந்த இடத்தில் எறும்பும் வண்டும் தவறி விழும். கறுப்பு எறும்புப் பொய்ப்பூச்சி 16-ஆம் எண்ணில் நான்கு வைத்திருங்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் புழுக்கமான பிற்பகலில் இறக்கை எறும்புகள் நம்மூர் ஈசல் போல மொத்தமாக வந்து நீரில் விழும். எந்த நாளென்று யாராலும் சொல்ல முடியாது. பெட்டியில் இல்லாதவர்கள் அன்று அழுவார்கள். காலையில் வரும் டிரைகோ என்ற பூச்சியும் உண்டு. 22, 24-ஆம் எண் முள், மூக்குக்கண்ணாடி போட்டும் கோர்க்க முடியாது. வயதானவர்கள் விட்டுவிடலாம்.

23. நாள் முடிந்ததும் பூச்சிப்பெட்டியை இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். ஈரத்தோடு மூடினால் முள் துருப்பிடிக்கும். புதுச்செருப்புப் பெட்டியிலும் மாத்திரைப் புட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் உள்ளே போடுங்கள். இறகு நசுங்கிச் சப்பையான பொய்ப்பூச்சியை இடுக்கியால் பிடித்து, இட்லிப் பாத்திரத்து ஆவியில் சில விநாடி காட்டினால் இறகு மலர்ந்துகொள்ளும். பாதிக்குப் பாதி புதுசு.

24. வேடர்ஸ் ஒழுகுகிறது, ஓட்டை எங்கே என்று தெரியவில்லையா? உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, மருந்துக்கடை ரப்பிங் ஆல்கஹாலைத் தெளியுங்கள். மூச்சுவிடும் துணி வேடர்ஸ் என்றால் ஓட்டை உள்ள இடம் கறும்புள்ளியாகத் தெரியும். பேனாவால் வட்டமிட்டு, காய்ந்ததும் பசை வையுங்கள். உள்ளே பருத்திக் காலுறை வேண்டாம். நனைந்தால் குளிர்ந்துவிடும், கம்பளிதான் சரி. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகுமுன் பூட்ஸைக் கழுவிக் காயவையுங்கள். டிடிமோ என்ற பாசி டெலவேர் கிளைகளில் பரவியிருக்கிறது. நம் காலில் ஒட்டிக்கொண்டும் அது ஊர் ஊராகப் போகலாம். தடியின் இணைப்பு இறுகிக்கொள்ளாமல் இருக்க, வருடம் ஒருமுறை மெழுகுவத்தியை அதன் உள்முனையில் தேயுங்கள்.

25. அக்டோபரில் பிரவுன் டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் முட்டையிடத் தொடங்கும். புரூக் இந்த மண்ணின் மீன்; பிரவுன் 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்தது. பெண்மீன் வாலால் அடித்துச் சுத்தம் செய்த சரளைத் திட்டு, சுற்றிலும் பாசி படிந்த கற்களுக்கு நடுவே வெளுப்பாகத் தெரியும். அதை மிதிக்காதீர்கள்; அதன் மேலுள்ள மீனுக்குத் தூண்டிலும் போடாதீர்கள். தூறல் விழும் மதியங்களில் நீல இறக்கை ஆலிவ் என்ற குட்டி மேஃப்ளை வரும், 18 முதல் 22 வரை முள் எண். குளிர்காலத்தில் தடி வளையங்களில் ஐஸ் கட்டினால் உதட்டுக்குத் தடவும் லிப் பாம் பூசுங்கள், கொஞ்ச நேரம் தாங்கும்.

26. சொந்தமாகப் பூச்சி கட்ட ஆசைப்படுபவர்களுக்கு வீட்டிலேயே பாதிச் சரக்கு இருக்கிறது. ரீல் நூல், நகப்பூச்சு, பழுதான பொம்மைக் காரின் மோட்டாரிலுள்ள மெல்லிய செப்புக் கம்பி. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் நூலே இல்லாமல், செப்புக் கம்பியாலும் ஃபெசன்ட் பறவையின் வாலிறகாலும் கட்டிய இளம்பூச்சி இன்றும் எல்லார் பெட்டியிலும் உண்டு. மயில் தோகையின் தூவியும் நிறையப் பயன்படும். அதற்காக ஊருக்குப் போகும்போது பெட்டியில் மயிலிறகு எடுத்துவராதீர்கள். இந்தியாவிலிருந்து அதை வெளியே கொண்டுபோவது தடை. நம் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகும் அப்படியே. மெழுகுத்துளி போல மின்னும் அந்த இறகுக்கு சால்மன் தூண்டில்காரர்கள் ஒரு காலத்தில் உயிரை விட்டார்கள். இங்கே கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்த்த பறவையினுடையது.

27. பதினாறு வயதிலிருந்து உரிமம் கட்டாயம். வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். நியூயார்க் ஓடைகளில் டிரவுட் பருவம் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 15 வரை. 2022-இல் வந்த மாற்றத்தின்படி மற்ற மாதங்களிலும் பிடிக்கலாம், ஆனால் செயற்கைத் தூண்டில் மட்டும், பிடித்ததை விட்டுவிட வேண்டும். விடும்போது கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரை விட்டுத் தூக்காமல் முள்ளைக் கழற்றுங்கள். உலர்ந்த கை அதன் உடல் வழவழப்பை உரித்துவிடும். கரையோரம் மரத்தில் மஞ்சள் பலகை தெரிந்தால் அங்கே நீங்கள் தைரியமாக நடக்கலாம். 1935 முதல் மாநில அரசு நிலச் சொந்தக்காரர்களிடமிருந்து மீன்பிடி உரிமையை மட்டும் விலைக்கு வாங்கி வைத்திருக்கும் இடம் அது. நிலம் இன்னும் அவர்களுடையதுதான். கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.